புரோபேட் கட்டாயம் இல்லை என்றால், உயிலின் கணக்கை யார் கேட்பது?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு நீக்கல் மற்றும் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. வழக்கொழிந்த 71 சட்டங்களை அகற்றுவது அதன் முதல் வேலை. அதோடு சேர்த்து, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து 213ஆம் பிரிவையும் அது எடுத்துவிட்டது. நாட்டின் பெரும்பகுதிக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. சென்னைக்கு அப்படியல்ல. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ வீடு வைத்திருந்த ஓர் இந்து உயில் எழுதிவிட்டு இறந்தால், புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் ஆணை, வாங்காமல் அந்த உயிலை எந்தக் கோர்ட்டிலும் உரிமைக்கு ஆதாரமாகக் காட்ட முடியாமல் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் இருந்த நிலை அதுதான்.

அந்தக் கட்டாயம் இப்போது இல்லை. இதை "இனி உயில் விவகாரத்துக்குக் கோர்ட்டே வேண்டாம்" என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது தவறு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவருக்கு இருந்த கடமைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவற்றை அவர் செய்கிறாரா என்று கேட்காமலேயே கவனித்துவந்த ஓர் ஏற்பாடுதான் பலருடைய விஷயத்தில் இல்லாமல் போகப்போகிறது. சொத்து தன் கையில் இல்லாத வாரிசுகள், பெரும்பாலும் மணமாகி வேறு ஊருக்குப் போன மகள்களும் கணவனை இழந்த பெண்களும், இதை இப்போதே தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் சொற்கள்

1. உயில்: இறந்த பிறகு தன் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று ஒருவர் எழுதிவைப்பது. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவு செய்வதும் அவரவர் விருப்பம். ஆனால் எழுதியவர் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைச் சான்றொப்பமிட வேண்டும். பதிவு செய்த உயில் என்பதால் சாட்சியை விசாரிக்காமல் கோர்ட் ஏற்றுக்கொண்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிக் கிடையாது. சாட்சிகளில் ஒருவராவது உயிருடன் இருந்து, கோர்ட்டுக்கு வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க முடியும்.

2. நிறைவேற்றுநர்: வக்கீல்கள் எக்ஸிக்யூட்டர் என்பார்கள். உயிலில் சொன்னபடி எல்லாவற்றையும் செய்து முடிக்க, உயில் எழுதியவரே பெயர் சொல்லி நியமித்த ஆள். மூத்த மகன், மருமகன், ஆடிட்டர், நம்பிக்கையான நண்பர் என யாராகவும் இருக்கலாம். மைனராக இருக்கக் கூடாது, மனநலம் குன்றியவராக இருக்கக் கூடாது.

3. புரோபேட்: "இதுதான் இன்னாரின் கடைசி உயில், இது முறைப்படி எழுதப்பட்டது, இவர்தான் இதன் நிறைவேற்றுநர்" என்று கோர்ட் தன் முத்திரையோடு உயிலின் நகலை இணைத்துத் தரும் ஆணை. நிறைவேற்றுநருக்கு மட்டுமே இது கிடைக்கும்.

4. நிர்வாக உரிமை ஆணை: உயிலில் நிறைவேற்றுநர் பெயரே இல்லை, அல்லது அவர் இறந்துவிட்டார், அல்லது பொறுப்பேற்க மறுத்துவிட்டார் என்றால், சொத்தைப் பெறுபவர்களில் ஒருவரை நிர்வாகியாக்கிக் கோர்ட் தருவது. லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உயிலே எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கும் இதை வாங்கலாம்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இந்த வரிசையில் வராது. இறந்தவருக்கு யார் யார் உறவு என்பதை மட்டுமே அது சொல்லும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது. வங்கியிலும் காப்பீட்டிலும் எழுதிக்கொடுக்கும் நாமினியும் அப்படித்தான். ஆயுள் காப்பீட்டுப் பணத்தை நாமினி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாரிசுகளுக்காகத்தான் வாங்குகிறார் என்று உச்ச நீதிமன்றம் 1984லேயே சர்பதி தேவி வழக்கில் சொல்லிவிட்டது. நிறுவனப் பங்குகளுக்கும் இதுவே பொருந்தும் என்று 2023இல் தீர்ப்பு வந்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், பெற்றோரோ கணவனோ மனைவியோ பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் நிலை வேறாகலாம்.

சென்னைக்கு ஏன் இந்தக் கட்டாயம் இருந்தது?

பிரிட்டிஷ் ஆட்சியில் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கும் தனிச் சட்ட ஏற்பாடுகள் இருந்தன. 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உயில் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அதிகாரம் அந்தக் காலத்திலேயே தரப்பட்டது. இந்துக்களின் உயில்களுக்கு 1870இல் தனிச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், மெட்ராஸ் நகர எல்லைக்குள் எழுதப்படும் உயிலுக்கும், எங்கே எழுதினாலும் அந்த எல்லைக்குள் உள்ள மனை, வீடு ஆகியவற்றைப் பற்றிய உயிலுக்கும் புரோபேட் தேவை என்றானது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

நடைமுறையில் இதன் விளைவு விசித்திரமாக இருந்தது. மதுரைக்காரர் மதுரையில் உட்கார்ந்து மதுரை வீட்டைப் பற்றி எழுதினால் புரோபேட் தேவையில்லை. அவருக்கே மயிலாப்பூரில் ஒரு சிறு வீடு இருந்து அதையும் சேர்த்து எழுதினால் தேவை. தாம்பரத்தில் எழுதிய உயிலுக்கு ஒரு விதி, தங்கசாலைத் தெருவில் எழுதியதற்கு வேறு விதி. முஸ்லிம்களின் உயிலுக்கு இந்தக் கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு தரப்பட்டது. இது பாகுபாடு என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2001இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மத அடிப்படையில் மட்டும் ஏற்பட்ட வேறுபாடு இல்லை, வரலாற்றுக் காரணங்களால் இடத்தை ஒட்டி அமைந்தது என்றது. ஆனாலும் ஊருக்கு ஊர் மாறும் விதி நியாயமாக யாருக்கும் படவில்லை. அந்த வகையில் 213ஐ நீக்கியது சரியான முடிவுதான். செலவும் காத்திருப்பும் பல குடும்பங்களுக்கு மிச்சம்.

பச்சையப்பர் விட்டுச்சென்ற சொத்து

நிறைவேற்றுநர் என்ற பொறுப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துபாஷாகவும் (ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) வணிகராகவும் இருந்து பெரும் செல்வம் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். தன் சொத்தைக் கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் உயிலில் எழுதிவைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு அந்தப் பணம் எழுதியபடி போய்ச் சேரவில்லை. சொத்து யார் கையில், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற தகராறு பல பத்தாண்டுகள் கோர்ட்டில் கிடந்தது.

கடைசியில் அரசுத் தலைமை வழக்கறிஞரே தருமத்தின் சார்பில் முன்னின்றார். பணம் மீட்கப்பட்டது. கோயில் கட்டளைகளுக்கு உரியது ஒதுக்கப்பட்டது. எஞ்சிய தொகையைக் கல்விக்குச் செலவிட வழி செய்யப்பட்டது. அந்த நாளில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டனின் பங்கு இதில் பெரிது. அப்படித்தான் 1842இல் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. பின்னாளில் அது கல்லூரியாக வளர்ந்தது. இறந்துபோன ஒருவரின் விருப்பம் அரை நூற்றாண்டு கழித்து நிறைவேறியது, யாரோ ஒருவர் விடாமல் கணக்குக் கேட்டதால்.

எல்லாருடைய உயிலுக்கும் அட்வகேட் ஜெனரல் வரமாட்டார். சாதாரணக் குடும்பங்களில் கேட்க வேண்டியவர்கள் வாரிசுகளே.

நிறைவேற்றுநரின் இடம் எது?

சட்டத்தின் 211ஆம் பிரிவு, இறந்தவரின் சொத்து முழுவதும் நிறைவேற்றுநரிடம் வந்துசேர்கிறது என்கிறது. இந்த ஒரு வரியைப் பாதியாகப் படிப்பதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன. சொத்து அவரிடம் வருவது இறந்தவரின் சட்டப் பிரதிநிதி என்ற முறையில் மட்டுமே. கடனை வசூலிக்கலாம், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கலாம், வழக்குப் போடலாம். அனுபவிக்கும் உரிமை அவருக்கு இல்லை. உயிலில் அவருக்கே ஒரு பங்கு எழுதியிருந்தாலும், மற்ற பங்குகளைப் பொறுத்தவரை அவர் பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்.

பணத்தை எந்த வரிசையில் கொடுப்பது என்பதையும் சட்டம் சொல்லிவிடுகிறது. முதலில் இறுதிச் சடங்குச் செலவும் கடைசி நோயின் மருத்துவச் செலவும். அடுத்தது புரோபேட் போன்ற கோர்ட் செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் உழைத்த வீட்டு வேலையாள், தொழிலாளி, கைவினைஞர் ஆகியோருக்குச் சேர வேண்டிய கூலி. பிறகு மற்றக் கடன்கள். இத்தனையும் தீர்ந்த பின்னரே உயிலில் பெயர் உள்ளவர்களுக்குப் பங்கு. சமையல்கார அம்மாவின் சம்பளம் வங்கிக் கடனுக்கும் பிள்ளைகளின் பங்குக்கும் முன்னால் நிற்கிறது. இந்தச் சட்டத்தில் மனதுக்கு மிகவும் நிறைவு தரும் இடம் இது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் பழைய ஓட்டு வீடு. முன்பக்கம் ஒரு கடை, மாத வாடகை 18,000 ரூபாய். தாய் உயில் எழுதுகிறார்: வீடும் வாடகையும் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி, மகனே நிறைவேற்றுநர். தாய் இறந்து முப்பது மாதம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறார். அண்ணனிடம் கேட்டால் "எல்லாம் வீட்டுச் செலவுக்கே சரியாகப் போய்விட்டது" என்கிறார். அண்ணன் கோபப்பட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அதையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள்:

- வரவு: வாடகை, 30 மாதம் × 18,000 = 5,40,000
- செலவு: ஆஸ்பத்திரி பாக்கி 85,000
- இறுதிச் சடங்கு 60,000
- சமையல்கார அம்மாவுக்கு மூன்று மாதச் சம்பளம் 27,000
- மாநகராட்சிச் சொத்து வரி, ஐந்து அரையாண்டு × 4,200 = 21,000
- ஓடு மாற்றிய செலவு 1,10,000
- மொத்தச் செலவு 3,03,000
- மீதி 2,37,000

இந்த ஏழெட்டு வரிகளை எழுதிவிட்டால் சண்டையின் உருவமே மாறிவிடுகிறது. ஓட்டுக்கு உண்மையில் 1,10,000 ஆனதா, பில் எங்கே என்று கேட்கலாம். மீதி 2,37,000 எங்கே என்று கேட்கலாம். அந்தப் பணம் அண்ணன் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போயிருந்தால், தங்கையின் பாதியான 1,18,500 ரூபாயை அவர் சொந்தக் கையிலிருந்து தர வேண்டும். சொத்தைத் தவறாகச் செலவழித்து அதனால் இழப்பு ஏற்பட்டால் நிறைவேற்றுநரே ஈடு செய்ய வேண்டும் என்று 368ஆம் பிரிவு சொல்கிறது. வசூலிக்க வேண்டியதை அலட்சியத்தால் வசூலிக்காமல் விட்டாலும் 369ஆம் பிரிவின்படி அதே கதிதான். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பது இங்கே முழு விடையாகாது.

நேர்மையாக நடந்துகொண்ட அண்ணனையும் இதே நோட்டுதான் காப்பாற்றும். அதை வைத்திருக்காத ஒரே காரணத்தால் பழி சுமக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர்.

தகராறு எந்தெந்த வடிவில் வருகிறது?

1. உயிலே பொய் என்பது. மிகப் பழைய சண்டை. 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையையே இன்றும் கோர்ட்டுகள் பின்பற்றுகின்றன: உயிலைக் கொண்டுவருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகள் இருந்தால் அவற்றையும் அவரே நீக்க வேண்டும். கையெழுத்து நடுங்கிக் கிடப்பது, காரணம் சொல்லாமல் மனைவியையோ மகளையோ அடியோடு விட்டுவிடுவது, உயில் எழுதும்போது கூடவே இருந்து முன்னின்று நடத்தியவருக்கே பெரும்பங்கு போவது, இவையெல்லாம் அப்படிப்பட்ட சூழ்நிலைகள். சென்னை உயர் நீதிமன்றத்தில் புரோபேட் கேட்டு முதலில் தாக்கலாவது அசல் மனு. யாராவது கேவியட் (என்னைக் கேட்காமல் ஆணை தர வேண்டாம் என்று கோர்ட்டில் தரும் எதிர்ப்பு மனு) போட்டு எதிர்த்தால் அது உயில் வழக்காக மாறி, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை என்று சாதாரண சிவில் வழக்கைப் போல நடக்கும். அங்கிருந்து ஆண்டுகள் ஓடும். கேவியட்டை யார் வேண்டுமானாலும் போட முடியாது. அந்தச் சொத்தில் தனக்கு ஓர் உரிமை இருப்பதாகக் காட்ட வேண்டும். பிரியம்வதா பிர்லாவின் உயிலை ஒட்டி எழுந்த வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது.

2. நிறைவேற்றுநர் ஒன்றுமே செய்யாமல் இருப்பது. பீரோவில் உயிலை வைத்துக்கொண்டு "பார்க்கலாம்" என்று சொல்பவர். பொறுப்பை ஏற்கிறீரா இல்லையா என்று கேட்டு அவருக்குக் கோர்ட் மூலம் அழைப்பாணை அனுப்பலாம். மறுத்தாலோ பதிலே தராவிட்டாலோ, பங்கு பெறும் ஒருவர் நிர்வாக உரிமை ஆணை கேட்கலாம். ஏற்க விருப்பமில்லாதவர் தொடக்கத்திலேயே எழுத்தில் விலகிக்கொள்வது நல்லது. சொத்தில் கைவைத்த பிறகு விலகுவது எளிதல்ல. மனுப் போடாமல் மூன்று ஆண்டுகளைக் கடத்துவதும் ஆபத்து. புரோபேட் மனுவுக்குக் காலவரம்புச் சட்டத்தின் 137ஆம் விதி பொருந்தும் என்று 2008இல் குன்வர்ஜீத் சிங் வழக்கில் தீர்ப்பானது. அதன்பின் தாமதத்தை விளக்க வேண்டிய சுமை மனுதாரருடையது.

3. விற்பனை. எல்லாவற்றிலும் அதிகச் சேதம் தருவது இதுதான். கோர்ட் நியமித்த நிர்வாகி, அனுமதி இல்லாமல் நிலத்தையோ வீட்டையோ விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. நிறைவேற்றுநருக்கு அதைவிட அதிகாரம் அதிகம். உயிலில் தடை எழுதாவிட்டால் அவர் விற்கலாம். கடன் தீர்க்க விற்பது வேறு, தன் மைத்துனன் பெயரில் அடிமாட்டு விலைக்கு எழுதுவது வேறு. இறந்தவரின் சொத்தை நிறைவேற்றுநர் நேரடியாகவோ பினாமி வழியாகவோ தானே வாங்கினால், அக்கறையுள்ள வேறு எவரும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம் என்று 310ஆம் பிரிவு இடம் தருகிறது. கவனிக்க வேண்டியது: விலை நியாயமாக இருந்ததா என்ற கேள்விக்கே அங்கே போகத் தேவையில்லை.

4. இருவர் நிறைவேற்றுநராக இருப்பது. இருவரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்று உயில் சொல்லாவிட்டால், புரோபேட் பெற்ற ஒருவரே தனியாகச் செயல்படலாம். மனதில் சமநிலைக்காக இரண்டு பிள்ளைகளையும் போட்டு, அந்த ஒரு வரியை எழுத மறக்கும் பெற்றோர் ஏராளம்.

5. யாரும் நியமிக்காமலேயே கைவைப்பவர். இறந்த அன்றே நகையையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போகும் உறவினர். தானாக நுழைந்த அவரையும் சட்டம் நிறைவேற்றுநராகவே நடத்தும், ஆனால் பொறுப்புகளுக்கு மட்டும். எடுத்த அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இறுதிச் சடங்கு செய்ததும், வீட்டில் இருப்பவர்களின் அவசரத் தேவைக்குப் பணம் கொடுத்ததும், பொருள்களைப் பத்திரப்படுத்தியதும் இதில் சேராது.

பலருக்குத் தெரியாத ஓர் எல்லையும் உண்டு. புரோபேட் விசாரணையில் உயில் உண்மையா என்பது மட்டுமே முடிவாகும். அந்த வீடு உண்மையில் இறந்தவருக்குத்தான் சொந்தமா, பாட்டன் சொத்தா, பாதி தம்பியுடையதா என்பதை அந்தக் கோர்ட் தீர்மானிக்காது. 1993இல் சிரஞ்ஜிலால் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆகவே புரோபேட் கிடைத்த பிறகும் பாகப்பிரிவினை வழக்கு தனியாக வரலாம்.

213 போனதால் மாறுவது என்ன?

மாறாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். ஏற்கெனவே வழங்கப்பட்ட புரோபேட்டுகள் செல்லும். விரும்புகிறவர் இனியும் புரோபேட் கேட்டு மனுப் போடலாம். அந்தப் பிரிவுகள் அனைத்தும் சட்டத்தில் இருக்கின்றன. உயிலைச் சாட்சி வைத்து நிரூபிக்கும் சுமையும் அப்படியே இருக்கிறது.

மாறுவது இரண்டு.

முதலாவது, தீர்ப்பின் வீச்சு. புரோபேட் என்பது ஊருக்கே சொல்லும் ஆணை. கோர்ட்டுக்கு வராத மூன்றாம் நபரையும் அது கட்டுப்படுத்தும். அதை நம்பி நிறைவேற்றுநருக்குப் பணம் கொடுத்த வங்கிக்கும் கடன்காரருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. புரோபேட் இல்லாமல் ஒரு சாதாரண வழக்கில் "உயில் உண்மை" என்று தீர்ப்பு வாங்கினால், அது பொதுவாக அந்த வழக்கில் இருந்தவர்களையே கட்டுப்படுத்தும். நாளைக்கு வேறொரு வாரிசு வேறொரு கோர்ட்டில் அதே கேள்வியை எழுப்பலாம். அதனால்தான் சென்னையில் பெரிய மதிப்புள்ள மனையை வாங்குபவரும், அதற்குக் கடன் தரும் வங்கியின் வக்கீலும், சட்டம் கேட்காவிட்டாலும் புரோபேட் கேட்கக்கூடும். உயிலில் ஒருவரையாவது விலக்கியிருந்தால், அல்லது வாரிசுகளில் ஒருவர் முகம் சுளித்தால், புரோபேட் வாங்கிவிடுவதே நல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இதுதான் பெரியது. 317ஆம் பிரிவின்படி, புரோபேட் பெற்ற நிறைவேற்றுநர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். ஓர் ஆண்டுக்குள் வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். காரணமில்லாமல் வேண்டுமென்றே செய்யாவிட்டால் 263ஆம் பிரிவின்படி புரோபேட்டையே ரத்து செய்யலாம். இந்த ஆறு மாதமும் ஓர் ஆண்டும் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன? புரோபேட் வழங்கப்பட்ட நாளிலிருந்து. புரோபேட்டே வாங்காதவருக்கு அந்த நாள் பிறப்பதே இல்லை. பட்டியல் கோர்ட்டுக்கு வராது, கணக்கும் வராது, ரத்து செய்ய ஆணையும் இருக்காது.

மனுவோடு நடக்கும் மற்ற காரியங்களும் அப்படியே. புரோபேட் மனு என்றால் நெருங்கிய உறவினர்கள் எல்லாருடைய பெயரையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அறிவிப்புப் போகும், அல்லது அவர்கள் சம்மதப் பத்திரம் தர வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் வரும். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு அம்மா உயில் எழுதியிருந்தார் என்பதே பல நேரம் அந்த நோட்டீஸ் கையில் வந்த அன்றுதான் தெரியும். இனி அந்த நோட்டீஸ் வராமல் போகலாம். உயிலைக் காட்டிப் பட்டாவை மாற்றிக்கொள்ள ஒருவர் முயலலாம், மற்றவருக்குத் தகவலே எட்டாமல் போகலாம்.

பங்கு பெற வேண்டியவர் செய்ய வேண்டியவை

1. பெற்றோர் இறந்தபின் சொத்து இருக்கும் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்துக்குரிய வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பாருங்கள்.

2. உயில் இருப்பதாகத் தெரிந்தால் நகலை எழுத்தில் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிய ஒரு கடிதம் பின்னாளில் பெரிய சான்றாகும்.

3. புரோபேட் மனு வரும் என்று எதிர்பார்த்தால் உயர் நீதிமன்றத்தில் முன்கூட்டியே கேவியட் போட்டுவைக்கலாம். வந்தால் உங்களுக்குத் தெரியாமல் ஆணை பிறக்காது.

4. இறந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுவரை பங்கைப் பிரித்துக் கொடுக்க நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்த முடியாது. கடன்களைத் தெரிந்துகொள்ளச் சட்டம் அவருக்குத் தரும் நியாயமான அவகாசம் அது. அதற்குள் அவசரப்படாதீர்கள். ஆனால் பட்டியலும் கணக்கும் கேட்க அந்த ஓராண்டு தடையில்லை.

5. கேட்டும் தராவிட்டால் சிவில் கோர்ட்டில் நிர்வாக வழக்குப் போடலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் ஆணை, 13ஆம் விதியின் கீழ், கோர்ட் முதலில் ஒரு முதனிலைத் தீர்ப்பு தந்து கணக்கெடுக்க ஆணையிடும். புரோபேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வழி திறந்திருக்கிறது. வரும் ஆண்டுகளில் இதன் தேவை கூடும். சொத்து வீணாகிறது என்றால் வழக்கு நடக்கும்போதே பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

6. புரோபேட் பெற்றவர் முறைகேடாக நடந்தால் 301ஆம் பிரிவின்படி அவரை நீக்கி வேறொருவரை நியமிக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குடும்பத்தில் யாரையும் யாரும் நம்பாத நிலை என்றால், அரசின் நிர்வாகத் தலைவர் மற்றும் அரசு அறங்காவலர் அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. உரிய வழக்குகளில் அந்த அலுவலகத்திடம் சொத்தை ஒப்படைக்கச் சொல்லியும் கேட்கலாம்.

7. உயிலின் கீழ் வரும் பங்கை நிறைவேற்றுநரிடம் கேட்க, அது தரத்தக்கதாகும் நாளிலிருந்து 12 ஆண்டு காலவரம்பு உண்டு. அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். சாட்சிகள் அதற்குள் இறந்துவிடுவார்கள்.

இனி உயில் எழுதப்போகிறவருக்கு

கோர்ட் தானாகக் கேட்காத கணக்கை உயிலே கேட்க முடியும். நிறைவேற்றுநரை நியமிக்கும் பத்தியின் கீழ் மூன்று வாக்கியம் சேர்த்தால் போதும். நான் இறந்த முப்பது நாளுக்குள் இந்த உயிலின் நகலை இதில் பெயர் சொல்லப்பட்ட எல்லாருக்கும், என் பிள்ளைகள் அனைவருக்கும் நிறைவேற்றுநர் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு எழுத்தில் தர வேண்டும். பங்கு பெறுவோர் அனைவரின் எழுத்துச் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது.

மூத்த மகனையே நியமிப்பதானாலும் இந்த மூன்றையும் எழுதுங்கள். அவரிடம் முன்கூட்டியே படித்தும் காட்டுங்கள்.